துப்பாக்கிக்கு விலை சொல்லப் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூங்குகிற நாள். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன் நான். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். மாலையில் பங்காருப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டுதான் வரவேண்டும். இத்தனை வருடம் நின்றதில் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஞாயிறு காலை என் மனைவி புத்த விகாருக்குக் கிளம்பும்போது என்னை எழுப்புவதில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விடுவாள்.

நான் வேலை பார்ப்பது லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில். வங்கிக் காவலாளிகளின் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்போம். காபித் தோட்டக்காரர்களுக்குத் தோட்டா விற்போம். தேர்தல் வந்தால், அது முடிகிறவரை வீட்டில் வைக்கக்கூடாது என்பதால் ஊரார் கொண்டுவந்து கொடுக்கிற துப்பாக்கிகளைப் பூட்டி வைப்போம். பழைய துப்பாக்கி எது வந்தாலும் அதற்கு வயதும் விலையும் சொல்வது என் பொறுப்பு. முதலாளிக்குக் கண் மங்கிய பிறகு அது என் தலையில் வந்து விழுந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய வேலையாகத் தெரியும். எனக்கோ அது வருகிறவர்களின் முகம் வாடுவதைப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி ஏதோ ஒரு ராஜா காலத்தது. ஒவ்வொரு தாத்தாவுக்கும் ஒரு துரை தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்து, இது அவ்வளவு பழையது இல்லை, அவ்வளவு விலையும் போகாது என்று நான் சொல்லவேண்டும். முதல் சில வருடங்கள் அதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அந்த போன் வந்தபோது போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். பேசியவர் கடைத்தெருவில் ஒரு பழைய மளிகைக் குடும்பத்தின் நடு மகன். பெங்களூரில் பெரிய வேலையில் இருப்பவர். அவருடைய அண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் பாகப்பிரிவினை பேச்சு நடக்கிறது, அண்ணன் பெயரில் லைசென்ஸ் இருந்த ஒரு துப்பாக்கி இருக்கிறது, யார் பெயருக்காவது மாற்றுங்கள் இல்லையென்றால் ஒப்படையுங்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் நெருக்குகிறார்கள், வந்து ஒரு விலை சொல்லவேண்டும் என்றார். கடைக்கு எடுத்து வரச் சொன்னேன். லைசென்ஸ்காரர் இல்லாத துப்பாக்கியை எப்படி ரயிலில் தூக்கிக்கொண்டு வருவது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஒத்துக்கொண்டேன்.

அந்த வீட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், வெளியிலிருந்து. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அப்பா மைன்ஸில், தங்கச் சுரங்கத்தில், வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கு அரிசியும் எண்ணெயும் அங்கிருந்துதான் வந்தன. நாங்கள் கடைப் படிக்குக் கீழே நின்று வாங்கிக்கொண்டு போவோம். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைனிலிருந்து அந்த வீட்டுக்குள் போனவர்கள் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஞாயிறு நடு மகனே வாசலுக்கு வந்து, உள்ளே வாங்க சார் என்று கூப்பிட்டார். நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். இத்தனை வருடம் கழித்து உள்ளே வந்திருக்கிறேன், அதுவும் ஒரு துப்பாக்கிக்காக என்று ஒரு நிமிடம் தோன்றியது. பெரிதாக ஒன்றும் உணரவில்லை. களைப்பாக இருந்தேன்.

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். நடு மகன். இளையவர், இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவர்; மளிகையை விட்டுவிட்டு மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிறார். மூன்றாவது, இறந்துபோன அண்ணனின் மனைவி. அவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். சமையலறை வாசலில், கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

காபி குடித்து முடிப்பதற்குள் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் தெருவைப் பார்த்த முன் அறை ஒன்று இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் அதில்தான் குடியிருந்தார்கள். இடித்துக் கடை கட்டினால் நல்ல வாடகை வரும் இடம். அந்த அறையைத் தம்பிகள் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அண்ணனின் துப்பாக்கியை அண்ணிக்குக் கொடுத்துவிடலாம் என்பது நடு மகனின் யோசனை. இதேபோல ஒரு துப்பாக்கி வெளிநாட்டு ஏலத்தில் பல லட்சத்துக்குப் போனது என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நீங்க நல்லா பார்த்துச் சொன்னீங்கன்னா எல்லாருக்கும் நல்லது என்றார். அந்த நல்லாவுக்கு என்ன அர்த்தம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

துப்பாக்கி முன் அறையில், சுவரில் இரண்டு கொக்கிகளில் கிடந்தது. ஒற்றைக் குழல். பின்பக்கமாகத் தோட்டா போடுகிற வகை இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடவேண்டிய பழைய வகை. குழல் முழுக்க யாரோ சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். தான்தான் ஆயுத பூஜைக்கு அடித்ததாக இளையவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னார். பழைய இரும்பின் மேல் படிந்த கருமைக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்கள். அதைத் தேய்த்துவிட்டால் பாதி விலை போய்விடும். அதன் மேல் பெயின்டும் அடித்தால் மீதியும் போய்விடும்.

இந்த வகைத் துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்க்கவேண்டும். அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்து அளக்கவேண்டும். கம்பி அடி வரைக்கும் போயிருந்தால் குழல் காலி. நான் கம்பியை எடுத்தபோது நடு மகனுக்குப் பொறுக்கவில்லை.

"முதல்ல ரேட்டைச் சொல்லுங்க சார். இது சும்னே சுவர்ல மாட்டி வெச்சது. யாரும் தொட்டதுகூட கிடையாது."

நான் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். குழலை ஜன்னல் பக்கம், வெளியே வெறும் சுவர் இருந்த பக்கம் திருப்பிக்கொண்டு கம்பியை விட்டேன். வெளியே எடுத்து அளந்தபோது ஒரு சாண் குறைந்தது. மறுபடி விட்டேன். அதே இடத்தில் நின்றது, மெத்தென்று.

இப்படி நிற்பது புதிதல்ல. பழைய குழல்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி பஞ்சைக் கொண்டுபோய் அடைத்திருக்கும். ஒரு தடவை பழைய சினிமா டிக்கெட்டுகளைச் சுருட்டித் திணித்திருந்ததைக்கூட எடுத்திருக்கிறேன். அதனால் சகோதரர்களிடம், உள்ளே குளவிக்கூடாக இருக்கலாம் என்றேன்.

"அது குளவிக்கூடு இல்லீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாள் சமையலறையை விட்டு வந்து அறை வாசலில் நின்றிருந்தார். "மருந்து. அவர் போட்டது."

நான் துப்பாக்கியை அப்படியே கட்டில் மேல் கிடத்தினேன். குதிரை என்று நாங்கள் சொல்கிற சுத்தி போன்ற பாகம் கீழே இறங்கி, ஒரு சின்ன முனையின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த முனையில் இருந்த சில்வர் பெயின்டை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். உள்ளே செம்பு தெரிந்தது. கேப்பும் போட்டிருந்தது. அதாவது மருந்து, ரவை, நெருப்பு வைக்கிற கேப்பு எல்லாம் சேர்ந்து தயாராக இருந்த துப்பாக்கி அது. அந்தக் குதிரை மேல் ஓங்கி ஓர் அடி விழுந்திருந்தால் போதும். நகத்தில் ஒட்டிய பெயின்டை வேட்டியில் துடைத்துவிட்டு, அவர்களை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

இளையவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெயின்ட் அடித்த வருடம் நண்பர்களை வரவழைத்து, இதைத் தோளில் வைத்து ஒவ்வொருவரையும் குறி பார்க்கிற மாதிரி போட்டோ எடுத்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள் என்றார். எழுந்து கடைப் பக்கம் போய்விட்டார்.

கேப்பை எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாக நெம்பி எடுத்தேன். பிறகு குழலை நிமிர்த்தி வைத்து, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். மருந்து ஊறி, சேறு போல ஆகவேண்டும். அதற்குப் பிறகுதான் திருகு முனை போட்ட கம்பியால் அதை இழுக்கமுடியும். அதற்கு நேரம் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று வந்திருந்தேன். அது நடக்காது என்று தெரிந்தது.

நடு மகன் போன் பேச வெளியே போனார். நான் தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். அந்த அம்மாள் சொம்பைக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவராகவே சொன்னார்.

மைன்ஸ் மூடிய வருடம் அது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மைன்ஸ் குடும்பங்கள். மாதச் சம்பளம் நின்றதும் கடையில் ஆள் நடமாட்டம் நின்றுபோனது. அவருடைய கணவர் காலையில் கடையைத் திறந்து, சும்மா உட்கார்ந்திருந்து, மதியம் மூடிவிட்டு வருவார். வீட்டில் யாரிடமும் பேச்சு இல்லை. ஒரு நாள் மதியம், மூத்த பெண் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், இவர் துணி மடித்து வைக்க முன் அறைக்குப் போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கணவர் கட்டில் மேல் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கம்பியால் இடித்துக்கொண்டிருந்தார். பேத்தமங்கலா பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தபோது பன்றி விரட்ட அவர் அப்படிச் செய்வதை இந்த அம்மாள் பார்த்திருக்கிறார். அதனால் அது என்ன வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. நிலத்தை விற்று அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

"நான் உள்ள போகலீங்க. திரும்பி இங்க வந்து, ரசம் ஆறிப்போவுது, சாப்பிட வாங்கன்னு சத்தமா கூப்பிட்டேன். வரலை. திரும்பவும் கூப்பிட்டேன். வந்தார். உக்காந்து சாப்பிட்டார். மோர் கேட்டார், ஊத்தினேன்."

அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது இந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். துப்பாக்கி பழையபடி கொக்கியில் இருந்தது. போட்ட மருந்தை அவர் எடுத்துவிட்டாரா, அப்படியே விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. அதன் பிறகு அந்த மனிதர் பல வருடங்கள் நன்றாகத்தான் இருந்தார். பெண்களைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்துவைத்தார், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். கடைசியில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். அந்த மதியத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

இந்த அம்மாள் கட்டிலைச் சுவர் மாற்றிப் போட்டார். வாஸ்து சரியில்லை என்று காரணம் சொன்னார். பேரப்பிள்ளைகளை அந்த அறையில் படுக்கவிடமாட்டார். துப்பாக்கியின் மேல் தூசி படிந்தால், நீளக் குச்சியில் துணி கட்டித் தட்டுவார். இளைய மைத்துனர் பெயின்ட் அடித்த வாரம் இவர் மூத்த பெண்ணின் பிரசவத்துக்கு வேலூர் போயிருந்தார். தேர்தலுக்குத் தேர்தல் கணவர் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தச் சில வாரங்கள் மட்டும் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். ஸ்டேஷன்காரர்கள் பார்த்து எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நம்பினார். ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமா, பார்க்கவே இல்லை என்று அர்த்தமா என்று இவருக்குத் தெரியவில்லை.

அவரையே கேட்டிருக்கலாமே அம்மா என்றேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி. ஆனால் வாயில் வந்துவிட்டது.

"கேட்டா, நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடுமே தம்பி" என்றார். "அவர் மறந்துட்டாரோ இன்னாவோ. நான் போய் ஏன் ஞாபகப்படுத்தணும்?"

சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். முழங்கால் வலித்தது.

மருந்து ஊறியதும் கம்பியைத் திருகித் திருகி இழுத்தேன். முதலில் தேங்காய் நார் வந்தது. பிறகு ரவைக் குண்டுகள், வெள்ளை பூத்துப்போய். மறுபடி நார். கடைசியாகக் கறுப்புச் சேறு. எல்லாவற்றையும் ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டினேன். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அழவில்லை. இவ்ளோதானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கம்பியை மறுபடி விட்டு, இப்போது அடி வரைக்கும் போவதை அவருக்கே காட்டினேன். அவர் கம்பியைத் தன் கையில் வாங்கி, தானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தார்.

நடு மகன் திரும்பி வந்து செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு, உள்ளே மருந்து இருந்ததால் விலை குறையுமா என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இந்த வேலையில் இதைப் போல எத்தனையோ கேட்டாகிவிட்டது. பெயின்டை ஓர் ஓரத்தில் மட்டும் சுரண்டிப் பார்த்து, இருந்ததை இருந்தபடி சொன்னேன். இதன் மேல் வெட்டியிருக்கும் பெயர் இங்கிலாந்தின் பேர்போன தயாரிப்பாளரின் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் ஓர் எழுத்து தப்பு. வேண்டுமென்றே தப்பாக வெட்டியது. குழலைச் சோதித்ததற்கான முத்திரையும் இங்கிலாந்து முத்திரை இல்லை. நம்மைப் போன்ற நாடுகளில் விற்பதற்காக வேறு இடத்தில் மலிவாகச் செய்து கப்பலேற்றியது. நூறு வயதுக்கு மேல் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அந்த வகையை ரொம்ப காலம் வரைக்கும் செய்துகொண்டேதான் இருந்தார்கள். கட்டை உடைந்து, இங்கே யாரோ ஆசாரி பலா மரத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார். சேகரிக்கிறவர்கள் தொடமாட்டார்கள். லைசென்ஸ் உள்ள விவசாயி யாராவது வாங்கினால் சில ஆயிரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அப்போ அந்த ஏலத்துல போனது, என்று இழுத்தார் அவர். அது வேறு துப்பாக்கி என்றேன்.

இளையவர் எப்போது வந்து நின்றார் என்று கவனிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. நடு அண்ணனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"முன் ரூம் அண்ணிக்குத்தான். அதைப் பத்தி இனிமே பேச வேணாம். துப்பாக்கியை ஸ்டேஷன்ல குடுத்துடலாம்."

நடு மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையாட்டிவிட்டு, பெங்களூர் போக நேரமாகிறது என்று பையைத் தேடினார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவரும் என்னைப் போலத் தினமும் அலைந்து திரிகிறவர்தான், கொஞ்சம் நல்ல வண்டியில். கிளம்பும்போது அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார்.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் நானும் இளையவரும் அந்த அம்மாளும் ஸ்டேஷனுக்குப் போனோம். நீங்கள் வரவேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. ஸ்டேஷனில் கூட்டமில்லை. ரைட்டர் கன்னடத்தில் ஏதேதோ கேட்டார், இளையவர் பதில் சொன்னார். லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் குழலில் அட்டை கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து, அந்தக் கதவு பூட்டப்படுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சிரமம் கொடுத்துவிட்டோம் என்று இளையவர் கையில் ஏதோ திணிக்க வந்தார். கடைக்கு வந்து முதலாளியிடம் கொடுங்கள், அவர்தான் வாங்கிக்கொள்ளவேண்டும் என்றேன். அந்த அம்மாள், சாப்பிடாமலே இருக்கிறீர்களே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினார். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். உண்மையாகவே வந்து சாப்பிடுங்க, நான் சும்மா கூப்பிடலை என்றார்.

மார்க்கெட் வழியாக நடந்து போய், ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி விகாரிலிருந்து எப்போதோ திரும்பியிருந்தாள். எங்கே போயிருந்தீர்கள், போனைக்கூட எடுக்கவில்லையே என்றாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துப்பாக்கியைப் பார்க்கப் போனேன் என்றேன். எவ்வளவு போகும் என்று கேட்டாள். ஒன்றும் போகாது என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் மருந்து வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. காலையில் வண்டி பிடிக்கவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.